1969 கமாரோவில் 5.3 வோர்டெக்: எஞ்சின் வயரிங்கைப் பழைய காரோடு சேர்ப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. 1969 செவ்ரோலே கமாரோவிலிருந்து பழைய சிறு பிளாக் எஞ்சினை இறக்கியாகிவிட்டது. 2001 சில்வராடோ டிரக்கிலிருந்து எடுத்த 5.3 லிட்டர் வோர்டெக் எஞ்சினும் (உள் பெயர் எல்எம்7) 4எல்60ஈ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் மவுன்ட்டில் உட்கார்ந்துவிட்டன. டிரக்கின் எஞ்சின் ஹார்னஸும் (வயர்கள் அனைத்தும் சேர்ந்த கட்டு) பிசிஎம் என்ற கணினிப் பெட்டியும் கையில் இருக்கின்றன. இந்த வயர் மூட்டையில் எதை வைத்துக்கொள்வது, எதைக் காரோடு எங்கே சேர்ப்பது?

ஹார்னஸைத் தரையில் விரித்துப் பார்த்தால் கண்ணைக் கட்டும். ஆனால் அதில் முக்கால்வாசி வயர்கள் எஞ்சினில் ஒரு சென்சரிலோ இன்ஜெக்டரிலோ தொடங்கி நேராகப் பிசிஎம்மில் போய் முடிகின்றன. டிரக்கில் எப்படி இருந்தனவோ அப்படியே விட்டால் போதும். கமாரோவோடு சேர வேண்டியவை ஒரு டஜன் சொச்சம்தான்: நேரடி பேட்டரி, சாவி போட்டால் வரும் 12 வோல்ட், எர்த், பெட்ரோல் பம்ப், ரேடியேட்டர் ஃபேன், பிரேக் சுவிட்ச், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், மீட்டர்கள், செக் எஞ்சின் விளக்கு, ஸ்கேனர் சாக்கெட். இந்த வகை மாற்றத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்தச் சந்திப்புகளில்தான் பிறக்கிறது. 1969 காரின் மின்னமைப்பு பாயின்ட்டும் (ஸ்பார்க்கை இயக்கிய பழைய தொடுமுனைகள்) ஒற்றைக் காயிலும் ஓடினால் போதும் என்று போடப்பட்டது. பிசிஎம்முக்கு அது போதாது. வோல்ட் சற்றுக் குறைந்தாலும், எர்த் சற்றுத் தளர்ந்தாலும் அது தவறாகப் படிக்கும். ஆகவே சென்சர் பக்கம் கையை வைக்காமல், உழைப்பை எல்லாம் இந்த ஒரு டஜன் இடங்களில் போடுங்கள்.

கையில் இருப்பது எது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

பிசிஎம்மில் இரண்டு 80 பின் கனெக்டர்கள் இருக்கும். ஒன்று நீலம், மற்றது சிவப்பு என்றால் அது 1999 முதல் 2002 வரையான டிரக் வகை. 2001 வண்டியானால் பெட்டியின் மேல் பெரும்பாலும் 12200411 என்ற எண் இருக்கும். நீலமும் பச்சையும் என்றால் 2003க்குப் பிந்தையது. பின் அமைப்பு வேறு, கீழே சொல்லும் எண்கள் அதற்குப் பொருந்தா. எஞ்சின் சுழற்சியைப் பல் சக்கரத்திலிருந்து படிக்கும் கிராங்க் சென்சரின் நிறத்தையும் பாருங்கள். கறுப்பு என்றால் 24 பல் சக்கரம், இந்தப் பிசிஎம்முக்குச் சரி. சாம்பல் நிறம் என்றால் யாரோ பிந்தைய தலைமுறை 58 பல் எஞ்சினைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதை இந்தப் பெட்டியால் நேரடியாக ஓட்ட முடியாது.

2001 சில்வராடோவில் பொதுவாக ஆக்ஸிலரேட்டர் கேபிள்தான். த்ராட்டில் பாடியில் கேபிள் மாட்டும் சக்கரம் இல்லாமல் மோட்டார் இருந்தால், பெடல், த்ராட்டில் கட்டுப்பாட்டுப் பெட்டி, பிசிஎம் மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வந்திருக்க வேண்டும். பெடலை மட்டும் வேறு இடத்தில் வாங்கிப் பொருத்தினால் பிசிஎம் எஞ்சினை ஐடிலுக்கு மேல் ஏறவே விடாமல் வைத்துக்கொள்ளும்.

வயரைத் தொடும் முன் பிசிஎம் புரோகிராமை மாற்றி வாங்கிவிடுங்கள். எச்பி டியூனர்ஸ், ஈஎஃப்ஐலைவ் போன்ற மென்பொருள் வைத்திருக்கும் யாரும் செய்து தருவார்கள். முதல் வேலை, சாவித் திருட்டுப் பாதுகாப்பை நீக்குவது. அது இருக்கும் வரை எஞ்சின் பிடித்து ஓரிரு நொடியில் அணையும், நீங்கள் வயரிங்கில் குற்றம் தேடிக்கொண்டிருப்பீர்கள். அடுத்தது, டிரக் புரோகிராமில் அணைந்து கிடக்கும் மின்சார ஃபேன் கட்டுப்பாட்டை இயக்குவது. மூன்றாவது, கமாரோவின் டயர் அளவும் பின் ஆக்ஸில் விகிதமும். இவை தவறாக இருந்தால் ஸ்பீடோமீட்டர் மட்டுமல்ல, கியர் மாறும் வேகமும் தப்பும். கேட்டலிஸ்ட்டுக்குப் பின்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சர்கள் பற்றி உங்கள் மாநில விதியைப் பார்த்து முடிவெடுங்கள். கலிஃபோர்னியாவில் 1975 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் புகைச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. எல்லா மாநிலமும் அப்படியல்ல.

பேட்டரியும் சாவியும்

பிசிஎம்முக்கு எப்போதும் இருக்க வேண்டிய 12 வோல்ட், நீலக் கனெக்டரில் 20ஆம் பின்னுக்கும் 57ஆம் பின்னுக்கும் போகிறது. சாவி போட்டதும் வரும் 12 வோல்ட் நீலம் 19. எர்த், நீலத்திலும் சிவப்பிலும் 1 மற்றும் 40. ஸ்கேனர் தகவல் வயர் நீலம் 58. கனெக்டரின் பின்பக்கத்திலேயே எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் பிசிஎம் எண்ணுக்கான வரைபடத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொண்டு பிறகே பவர் கொடுங்கள்.

நேரடி பேட்டரிக்கு, பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு 8 கேஜ் வயர் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன்) எடுத்து, முனைக்கு ஓரடிக்குள் 60 ஆம்பியர் மேக்ஸி ஃபியூஸ் போட்டு, புதிய ஃபியூஸ் பெட்டிக்குக் கொண்டு வாருங்கள். அங்கிருந்து பிசிஎம்முக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஒரு கிளை. இன்னொரு கிளை 40 ஆம்பியர் இக்னிஷன் ரிலேயின் 30ஆம் முனைக்கு. ரிலே என்பது சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்: 30இல் கரண்ட் உள்ளே வரும், 87இல் வெளியே போகும், 85, 86 இரண்டும் அதை இயக்கும் முனைகள். ரிலேயின் 87ஆம் முனையிலிருந்து பிரிவன: இடது வரிசையின் காயிலும் இன்ஜெக்டரும் 15 ஆம்பியர், வலது வரிசைக்கு அதே 15, ஆக்ஸிஜன் சென்சர் ஹீட்டர்களுக்கு 15, பிசிஎம்மின் 19ஆம் பின்னுக்கு 10, காற்றளவு சென்சருக்கு 10, கியர்பாக்ஸ் சாலினாய்டுகளுக்கு 10.

ரிலேயின் 86ஆம் முனைக்கு எந்த வயர் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எஞ்சின் பக்கம் பழைய இக்னிஷன் காயிலுக்குப் போன வயர் தொங்கிக்கொண்டிருக்கும். சாவி போட்டால் டெஸ்ட் லாம்ப் அதில் எரியும். "இதுதானே இக்னிஷன்" என்று அதையே பிசிஎம்முக்கும் காயில்களுக்கும் கொடுத்துவிடுவார்கள். துணியுறை போட்ட, வெள்ளையில் ஆரஞ்சும் ஊதாவும் கோடிட்ட அந்த வயர் சாதாரண வயர் அல்ல. அதன் நீளம் முழுவதும் ஒரு ரெசிஸ்டர். பாயின்ட் கருகாமல் இருக்கக் காயிலுக்கு வோல்ட்டைக் குறைத்துக் கொடுப்பதற்காகவே அதைப் போட்டார்கள். லோடு இல்லாமல் மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும், நம்பிவிடுவோம். எட்டு காயில்கள் அதில் இழுக்க ஆரம்பித்ததும் ஒன்பதுக்கும் கீழே இறங்கிவிடும். ஸ்டார்ட் ஆகும்போது ஸ்டார்ட்டர் சாலினாய்டிலிருந்து முழு வோல்ட் கொண்டு வரும் மஞ்சள் வயர் ஒன்றும் அதோடு சேர்ந்து வரும். புதிய ஸ்டார்ட்டரில் அந்த முனையே இல்லை. இரண்டையும் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தகடு) உள்ள பழைய கனெக்டரிலிருந்து பின்னோடு கழற்றி எடுத்துவிடுங்கள். நறுக்கித் தொங்கவிட வேண்டாம்.

அந்த ரெசிஸ்டர் வயர் ஃபயர்வால் கனெக்டரின் எஞ்சின் பக்கத்தில்தான் தொடங்குகிறது. உள்ளே, 1969இல் ஸ்டீயரிங் தண்டுக்கு இடம் மாறிய இக்னிஷன் சுவிட்சிலிருந்து அங்கே வரும் பிங்க் வயரில் முழு 12 வோல்ட் இருக்கும். ரிலேயை இயக்க அதிலிருந்து எடுங்கள். கால் ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும் என்பதால் பழைய சுவிட்சுக்குப் பாரமில்லை. எடுத்த பிறகு ஒரு சோதனை கட்டாயம். மீட்டரை அந்த வயரில் வைத்து, சாவியை ரன் நிலையிலிருந்து ஸ்டார்ட்டுக்குத் திருப்புங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் வோல்ட் நிற்க வேண்டும். ரேடியோ, ஹீட்டர் ஆகியவற்றுக்கான வயர்கள் ஸ்டார்ட்டில் துண்டிக்கப்படும். அவற்றில் ஒன்றைப் பிடித்திருந்தால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. சாவியை விடும் நொடியில் ஒரே ஒரு முறை இருமும். அந்த இருமலைக் கேட்டால் வேறெங்கும் தேட வேண்டாம்.

எர்த்

பழைய காரில் எர்த் என்றால் பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கு ஒரு கேபிள், எஞ்சினிலிருந்து ஃபயர்வாலுக்கு ஒரு பின்னல் பட்டை, அவ்வளவுதான். இப்போது மூன்று கேபிள்கள் தேவை. பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு ஒன்று. பேட்டரி முன்னால் இருந்தால் 2 கேஜ், டிக்கிக்குப் போயிருந்தால் 1/0. எஞ்சினிலிருந்து முன் சப்ஃபிரேமுக்கு ஒரு 4 கேஜ். எஞ்சினிலிருந்து ஃபயர்வாலுக்கு இன்னொரு 4 கேஜ். முதல் தலைமுறை கமாரோவில் முன் சப்ஃபிரேம் தனி, உடல் தனி. இடையில் ரப்பர் புஷ். ஃபிரேமுக்கு எர்த் கொடுத்துவிட்டால் பாடிக்கும் போய்விடும் என்று நினைக்கக்கூடாது.

பிசிஎம்மின் எர்த் வயர்களும் காயில்களின் எர்த் வயர்களும் டிரக்கில் இருந்தது போலவே சிலிண்டர் ஹெட்டிலோ பிளாக்கிலோ நேராக போல்ட்டில் போக வேண்டும். ஃபயர்வாலில் திருகாதீர்கள். பாடிக்கும் எஞ்சினுக்கும் இடையே அரை வோல்ட் வித்தியாசம் வந்தால்கூட பிசிஎம் எல்லா சென்சரையும் அந்த அளவுக்குத் தவறாகப் படிக்கும். ஒரே நேரத்தில் ஐந்தாறு சென்சர் கோடுகள் (பிசிஎம் காட்டும் பிழைக் குறியீடுகள்) வந்தால் ஐந்தாறு சென்சரும் கெட்டுவிட்டன என்று வாங்கிக் குவிக்காதீர்கள், எர்த்தைப் பாருங்கள். பெயின்ட் அடித்த, பவுடர் கோட்டிங் செய்த இடமானால் வளையம் உட்காரும் அளவுக்கு உலோகம் தெரியச் சுரண்டி, இறுக்கிய பின் மேலே பெயின்ட் தொடுங்கள்.

சோதனை எளிது. மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் தூணில், மறு முனை சிலிண்டர் ஹெட்டில். ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுற்ற, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. அதே சோதனையை ஃபயர்வாலுக்கும் செய்யுங்கள். ஓம் மீட்டரால் இதைப் பார்க்க முடியாது. ஒரு நூல் கம்பி தொட்டுக்கொண்டிருந்தாலும் அது பூஜ்யம் காட்டும்.

பம்பும் ஃபேனும்

இரண்டுக்கும் ரிலே உண்டு, இரண்டையும் பிசிஎம்தான் இயக்குகிறது. ஆனால் இயக்கும் விதம் நேரெதிர். பெட்ரோல் பம்ப் ரிலேக்குப் பிசிஎம் 12 வோல்ட் தருகிறது. வெள்ளைக் கோடு போட்ட கரும்பச்சை வயர் அது. ஆகவே ரிலேயின் 85ஐ எர்த் செய்து, 86இல் அந்த வயரைப் போடுங்கள். ஃபேன் ரிலேக்குப் பிசிஎம் எர்த்தைத் தருகிறது. முதல் ஃபேன் சிவப்பு 42, இரண்டாவது சிவப்பு 33. இங்கே 86க்கு இக்னிஷன் 12 வோல்ட், 85க்குப் பிசிஎம் வயர். ஒன்றைப் போல மற்றதையும் கட்டினால் ரிலே ஒருபோதும் இழுக்காது.

இந்த எஞ்சினுக்கு 58 பிஎஸ்ஐ அருகில் பெட்ரோல் அழுத்தம் வேண்டும். 2001 டிரக்கில் அழுத்த ரெகுலேட்டர் ரெயிலிலேயே (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) இருப்பதால் டேங்குக்குத் திரும்பும் குழாயும் தேவை. பின்னால் பம்ப் வரை 12 கேஜ் வயர், 20 ஆம்பியர் ஃபியூஸ். பம்பின் எர்த்தும் 12 கேஜில், பின்பக்கம் பாடியில் சுத்தமான இடத்தில். பழைய டேங்க் மீட்டரின் மெல்லிய எர்த்தோடு இதைச் சேர்த்தால் பெட்ரோல் முள் ஆடும், பம்பும் மெலியும். பம்பை நேராக இக்னிஷனில் கட்டும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். சாவி போட்டதும் பிசிஎம் இரண்டு நொடி பம்பை ஓட்டி நிறுத்தும், பிறகு கிராங்க் சென்சர் சுழற்சியைக் காட்டினால் மட்டுமே தொடரும். விபத்தில் எஞ்சின் நின்றால் பம்பும் நிற்பது இதனால்தான். இதற்கு மேல், இடித்தால் துண்டிக்கும் இனெர்ஷியா சுவிட்ச் ஒன்றை ரிலே வயரில் வரிசையில் போட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

ஃபேன் ஒவ்வொன்றுக்கும் 30 ஆம்பியர் ஃபியூஸ், 10 கேஜ் வயர். தொடங்கும் வெப்பத்தை 95 டிகிரி செல்சியஸ் அருகிலும் இரண்டாவதை ஐந்தாறு டிகிரி மேலும் வைக்கச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட்டே 86 டிகிரி பக்கம் திறப்பது. "குளிர்ச்சியாக ஓடட்டும்" என்று 85இல் வைத்தால் ஃபேன் அணையவே அணையாது.

பிரேக் சுவிட்ச்

4எல்60ஈ கியர்பாக்ஸை எஞ்சினோடு இணைக்கும் டார்க் கன்வர்ட்டர், நெடுஞ்சாலை வேகத்தில் பூட்டிக்கொள்ளும். பிரேக் தொட்டால் விடுபட வேண்டும். இதற்கான வயர் நீலம் 33. பிரேக் மிதிக்காதபோது அதில் 12 வோல்ட் இருக்க வேண்டும், மிதித்தால் போக வேண்டும். கமாரோவின் பிரேக் விளக்கு சுவிட்ச் செய்வது இதற்கு நேர்மாறு: ஆரஞ்சில் பேட்டரி வருகிறது, மிதித்தால் வெள்ளை வயரில் 12 வோல்ட் போகிறது. வெள்ளையை அப்படியே பிசிஎம்முக்குக் கொடுத்தால், சாதாரண ஓட்டத்தில் பிரேக் எப்போதும் மிதிபட்டிருப்பதாகவே பிசிஎம் எடுத்துக்கொள்ளும். கன்வர்ட்டர் பூட்டவே பூட்டாது, கியர் ஆயில் சூடேறும், மைலேஜ் இறங்கும். வண்டி ஓடுவதால் பலர் இதை ஆண்டுக்கணக்கில் கவனிப்பதில்லை. நிரந்தர 12 வோல்ட் கொடுத்துவிடுவது இன்னொரு குறுக்குவழி. அப்போது பூட்டும், ஆனால் அவசரப் பிரேக்கில் உடனே விடாது, எஞ்சின் திணறும்.

சரியான வழி ஐந்து முனை ரிலே ஒன்று. 86க்கு வெள்ளை பிரேக் வயர், 85 எர்த், 30க்கு ஃபியூஸ் வழியாக இக்னிஷன் 12 வோல்ட், ரிலே இயங்காதபோது 30ஓடு சேர்ந்திருக்கும் 87ஏ முனையிலிருந்து பிசிஎம்முக்கு. 87 காலியாக இருக்கட்டும். சரியாக இருக்கிறதா என்பதை ஸ்கேனரில் பிரேக் நிலையைப் பார்த்தபடி பெடலை மிதித்தே அறியலாம்.

கியர்பாக்ஸின் வட்டமான 20 பின் பிளக்கும், வால் பகுதியில் உள்ள இரண்டு வயர் வேக சென்சரும் ஹார்னஸில் இருப்பது போலவே போகின்றன. வேக சென்சர் வயர்கள் இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கியிருக்கும். நீளம் கூட்டினால் கூட்டிய பகுதியையும் முறுக்குங்கள்.

ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும்

ஸ்டார்ட்டருக்கு நியூட்ரல் சுவிட்ச் வழியாக வரும் பழைய ஊதா வயரே போதும். சிறிய முனை ஒன்றுதான், அதில் மாட்டுங்கள். பெரிய முனையில் பேட்டரி கேபிள்.

ஆல்டர்னேட்டரில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1969இல் ரெகுலேட்டர் ரேடியேட்டர் தாங்கியில் தனிப் பெட்டியாக இருந்தது. புதியதில் அது உள்ளேயே இருப்பதால் பழைய பெட்டி வெளியே போகிறது. அதன் பிளக்கில் இருந்த பழுப்பு வயர் டாஷ்போர்டின் சார்ஜ் விளக்கிலிருந்து வருகிறது. அதைப் புதிய ஆல்டர்னேட்டரின் நான்கு பின் சாக்கெட்டில் எல் என்று குறித்த பின்னுக்குக் கொண்டு போங்கள். சார்ஜ் விளக்கு இல்லாத, மீட்டர் உள்ள டாஷ்போர்டானால் இக்னிஷனுக்கும் எல் பின்னுக்கும் நடுவே 470 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் போடுங்கள். நேராக 12 வோல்ட்டை எல் பின்னில் கொடுத்தால் உள்ளே ரெகுலேட்டர் எரியும், அதற்கு வாரன்ட்டியும் கிடைக்காது. உங்கள் ஹார்னஸில் பிசிஎம்மிலிருந்தே எல் பின்னுக்கு வயர் வந்திருந்தால் அதையோ விளக்கையோ ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால், ஆல்டர்னேட்டரிலிருந்து இந்த வயர் வழியே கரண்ட் திரும்பி வந்து இக்னிஷன் ரிலேயைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆல்டர்னேட்டர் பக்கம் பார்த்தபடி ஒரு டையோடு போட்டால் தீரும்.

சார்ஜ் ஆகும் கரண்ட் போகும் வழியையும் மாற்றியாக வேண்டும். பழைய 10 கேஜ் வயர் 100 ஆம்பியருக்கு மேல் தரும் ஆல்டர்னேட்டருக்கு ஆகாது. ஆல்டர்னேட்டரின் பின்தூணிலிருந்து நேராக பேட்டரிக்கு 4 கேஜ் கேபிள், பேட்டரி முனையில் 150 ஆம்பியர் மெகா ஃபியூஸ். டாஷ்போர்டுக்குப் போகும் பழைய சிவப்பு வயர் தன் ஃபியூசிபிள் லிங்க்கோடு (ஃபியூஸ் போல் எரிந்து துண்டிக்கும் வயர்த் துண்டு) பழைய சந்திப்புப் பெட்டியிலேயே இருக்கட்டும். "பெரிய வயராகப் போடலாம்" என்று அந்த லிங்க்கை எடுத்துவிட்டால் ஃபயர்வாலுக்குள் போகும் ஐம்பது வயதைக் கடந்த வயருக்கு எந்தக் காப்பும் இல்லை. கன்சோலில் பேட்டரி மீட்டர் இருந்தால் அது இனி சரியாகக் காட்டாது. வோல்ட் மீட்டர் பொருத்துங்கள்.

மீட்டர்கள்

வெப்ப மீட்டருக்குத் தனி சென்டர் (மீட்டருக்கு அளவை அனுப்பும் சென்சர்) வேண்டும். பிசிஎம்மின் வெப்ப சென்சரிலிருந்து ஒரு கிளை எடுத்து டாஷ்போர்டுக்குக் கொடுக்கக்கூடாது. பிசிஎம் அதில் 5 வோல்ட் வைத்துப் படிக்கிறது. மீட்டரின் 12 வோல்ட் கலந்தால் இரண்டும் பொய் சொல்லும். வலது ஹெட்டின் பின்புறம் அடைத்திருக்கும் எம்12, 1.5 பிட்ச் துளையில் பழைய மீட்டருக்குப் பொருந்தும் சென்டரை அடாப்டரோடு போட்டு, பழைய கரும்பச்சை வயரை மாட்டுங்கள். அடாப்டர் நீளமாக இருந்தால் சென்டரின் மூக்கு தண்ணீர் ஓட்டத்தைத் தொடாது, முள் குறைவாகக் காட்டும். ஆயில் பிரஷர் துளை இன்டேக்குக்குப் பின்னால், எம்16, 1.5 பிட்ச். அங்கே 1/8 அங்குல என்பிடி அடாப்டர் போட்டுப் பழைய நீல வயர்.

டாக்கோமீட்டர் சிக்னல் சிவப்பு 10. இது நான்கு சிலிண்டர் எஞ்சின் போலத் துடிப்பைத் தரும், அதுவும் பலவீனமாக. புதிய வகை மீட்டரானால் அதை 4 சிலிண்டருக்கு வைத்து, சிக்னல் வயருக்கும் இக்னிஷன் 12 வோல்ட்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் ஓடும். காயிலைப் பார்த்து ஓடிய 1969 அசல் டாக்கோமீட்டரானால் அதற்கென்று விற்கும் மாற்றிப் பெட்டி தேவை. ஸ்பீடோமீட்டர் கேபிள் மாட்ட 4எல்60ஈயில் இடமே இல்லை. பிசிஎம் சிவப்பு 50இல் மைலுக்கு 4000 துடிப்பு தருகிறது. மின்சார ஸ்பீடோமீட்டர் அதை நேராக எடுத்துக்கொள்ளும். அசல் முகப்பை வைத்துக்கொள்ள விரும்பினால் துடிப்பை வாங்கிக் கேபிளைச் சுழற்றும் சிறு மோட்டார் பெட்டி கிடைக்கிறது. செக் எஞ்சின் விளக்கு சிவப்பு 46. பிசிஎம் எர்த் தருவதால் பல்பின் மறுமுனைக்கு இக்னிஷன் கொடுங்கள். ஸ்கேனர் சாக்கெட்டில் நான்கே இடம்: 2இல் தகவல் வயர், 4லும் 5லும் எர்த், 16இல் நேரடி பேட்டரி.

வயரைக் கையாளும் விதம்

வேண்டாத வயர்களைப் பாதியில் வெட்டாதீர்கள். பழைய டேப்பைப் பிரித்து, ஒவ்வொரு கிளைக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டி, பிசிஎம் கனெக்டரின் மூடியைக் கழற்றிப் பின்னோடு எடுங்கள். வெட்டிய நுனி ஒன்று உள்ளே உரசிக்கொண்டிருப்பது பின்னாளில் யாராலும் கண்டுபிடிக்க முடியாத கோளாறு. நீளம் கூட்ட வேண்டிய இடத்தில் டிஎக்ஸ்எல் அல்லது ஜிஎக்ஸ்எல் வகை வயர் வாங்குங்கள். 125 டிகிரி செல்சியஸ் தாங்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி வயர் 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சென்சருக்கு 20 கேஜ், காயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் 18.

ஜாயின்ட்டை திறந்த வாய் கிரிம்ப்பில், அதற்கென்ற கருவியால் நசுக்கி, உள்ளே பசை உள்ள ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். ஈயம் வைத்தால் வயருக்குள் ஒரு விரற்கடை தூரம் ஊறி அந்த இடம் கம்பிபோல் விறைத்துவிடும். எஞ்சின் அதிர்வில் விறைப்பு முடியும் விளிம்பில்தான் முறியும், வெளியே உறை முழுதாக இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. ஒரே கட்டில் பல ஜாயின்ட் வந்தால் இரண்டு அங்குலம் விட்டுவிட்டு வரிசை தள்ளிப் போடுங்கள்.

இன்டேக்கைக் கழற்ற வாய்ப்பு இருந்தால், அதன் கீழே பள்ளத்தில் இருக்கும் இரண்டு நாக் சென்சர்களையும் (எஞ்சினில் தட்டும் ஒலியைக் கண்டறிபவை) அவற்றின் சிறிய ஹார்னஸையும் இப்போதே பாருங்கள். டிரக் எஞ்சின்களில் அங்கே தண்ணீர் தேங்கித் துரு பிடிப்பது வழக்கமான நோய். எஞ்சின் காரில் ஏறிய பிறகு அதற்காக மீண்டும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

முதல் ஸ்டார்ட்

எல்லா ஃபியூஸையும் எடுத்துவிட்டு பேட்டரியை மாட்டுங்கள். பிசிஎம்மின் இரண்டு ஃபியூஸ்களை மட்டும் போட்டு, சாவியைத் திருப்பி, ஸ்கேனரை மாட்டுங்கள். பிசிஎம் பேசினால் பவர், எர்த், தகவல் வயர் மூன்றும் சரி. இப்போது எண்களைப் படியுங்கள். எஞ்சின் ஓடாதபோது, இன்டேக் காற்றழுத்தத்தைப் படிக்கும் மேப் சென்சர் கடல் மட்ட ஊரில் 100 கிலோபாஸ்கல் அருகில் இருக்க வேண்டும். தண்ணீர் வெப்பமும் காற்று வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக, அன்றைய வெயிலுக்கு ஒத்து இருக்க வேண்டும். தண்ணீர் மைனஸ் 40 காட்டினால் சென்சர் பிளக் மாட்டவில்லை. த்ராட்டில் பூஜ்யத்தில் தொடங்கி நூறு வரை தடைபடாமல் ஏற வேண்டும்.

பிறகு காயில், இன்ஜெக்டர் ஃபியூஸ்கள் இல்லாமலேயே ஸ்டார்ட்டரைச் சுற்றி ஆயில் பிரஷர் ஏறும் வரை பாருங்கள். அதே நேரம் ஸ்கேனரில் ஆர்பிஎம் 150, 200 என்று வர வேண்டும். பூஜ்யமாகவே இருந்தால் கிராங்க் சென்சர் தகவல் வரவில்லை. அது இல்லாமல் ஸ்பார்க்கும் இல்லை, பம்பும் இல்லை. எல்லாம் வந்த பின் பெட்ரோல் அழுத்தத்தைப் பார்த்து, மீதி ஃபியூஸ்களைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

பிடித்த எஞ்சினில் ஒரு பக்கம் நான்கு சிலிண்டரும் செத்திருந்தால் அந்த வரிசையின் 15 ஆம்பியர் ஃபியூஸ் அல்லது காயில் வரிசையின் எர்த். சூடேறிய பின் ஃப்யூல் டிரிம் (பிசிஎம் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) ஒரு பக்கம் கூட்டல் 25க்கும் மறுபக்கம் கழித்தல் 25க்கும் ஓடினால் இடது, வலது ஆக்ஸிஜன் சென்சர் பிளக்குகள் மாறியிருக்கின்றன. ஹெடர் (மாற்றுப் புகைக் குழாய்கள்) போட்டு வயரை நீட்டும்போது இது மிக எளிதில் நடக்கும். ஒரு பக்கம் பெட்ரோல் கூடக்கூட, அதைப் படிப்பது மறுபக்கச் சென்சர் என்பதால் பிசிஎம் இன்னும் கூட்டிக்கொண்டே போகும். பிளக்கை மாற்றி மாட்டி டிரிம்மை அழித்தால் அடுத்த ஐந்து நிமிடத்தில் எண்கள் பூஜ்யத்துக்கு வரும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.6 வோல்ட் வரை இருக்க வேண்டும்.

பி1336 என்ற கோடு வந்தால் பயப்பட வேண்டாம். கிராங்க் சக்கரத்தின் பல் வேறுபாட்டை பிசிஎம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் அது. எஞ்சின் நன்கு சூடேறிய பின் ஸ்கேனரில் அதற்கான கட்டளையைக் கொடுத்து, பிரேக்கை மிதித்தபடி ஆக்ஸிலரேட்டரை ஏற்றுங்கள். பிசிஎம் தானாகப் பெட்ரோலை வெட்டும் கணத்தில் காலை எடுத்துவிடுங்கள். முடிந்தது.

இது வரைக்கும் ஹார்னஸை நூல் முடிச்சிலோ ஜிப் டையிலோ மட்டும் பிடித்து வைத்திருங்கள். எல்லா எண்களும் சரியாக வந்த பிறகே துணி டேப் சுற்றி, கிளாம்ப் போட்டு நிரந்தரமாக்குங்கள். வலப்பக்கம் ஸ்டார்ட்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கிராங்க் சென்சர் வயருக்கு மட்டும் வெப்பம் தாங்கும் கண்ணாடி நார் உறை கட்டாயம். ஹெடர் குழாயிலிருந்து அது மூன்று அங்குலமாவது விலகி, ஃபிரேமில் கிளாம்ப்போடு நிற்க வேண்டும்.